மணப்பெண்ணின் ரவிக்கையும் நெசவாளரின் நற்பெயரும்

பட்டுப் புடவை தறியை விட்டு இறங்கியதும் நெசவாளரின் பொறுப்பு முடிந்துவிட்டதென்று எண்ணுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, கரையைக் கோர்வையாகக் கோத்து, முந்திக்குப் பெட்னி போட்டு, பல நாள் மிதித்து நெய்த புடவை சங்கத்தின் விற்பனைக் கூடத்தை அடைந்தால் கூலி கிடைக்கிறது. அத்துடன் அப்புடவைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அறுந்து விடுகிறது. வாங்கியவர் வீட்டிலோ அதன் கதை அப்பொழுதுதான் தொடங்குகிறது. புடவையின் ஒரு முனையில் நாம் சேர்த்து நெய்து தரும் ரவிக்கைத் துண்டு வெட்டியெடுக்கப்பட்டுத் தையற்காரரிடம் செல்கிறது. முகூர்த்த நாளன்று மணப்பெண் நிம்மதியாக மூச்சுவிட்டு மணையில் அமர்வதும், புழுங்கித் தவிப்பதும் அச்சிறு துண்டைத் தைக்கும் முறையைப் பொறுத்தே அமைகின்றன.

புடவை எத்துணை அகலமாயினும் எந்த உடலுக்கும் பொருந்தும். கொசுவத்தைக் கூட்டியும் குறைத்தும் கட்டிக் கொள்ளலாம். ரவிக்கைக்கு அந்தச் சலுகை இல்லை. அது ஒருவர் உடலுக்கென்றே வெட்டப்படுவது. வெட்டில் பிழை நேர்ந்தால் அதே பாவில், அதே சாயத்தில், அதே கரையில் மற்றொரு துண்டு கிடைப்பதரிது. தையல் பிரிந்தாலோ, அக்குளில் இழை விலகினாலோ வாடிக்கையாளர் தையற்கடைக்குப் போவதில்லை. புடவை வாங்கிய இடத்துக்கே வருகிறார். "பட்டு நைந்துவிட்டது, சரிகை அறுந்துவிட்டது" என்கிறார். பழி தறியின் மேல் விழுகிறது. இம்முறையீடுகளுள் பல நெசவின் குற்றமல்ல, பொருத்தத்தின் குற்றம் என்பதை நம் உறுப்பினர் அறிந்திருப்பது நலம். ஆதலின் மணப்பெண்ணின் ரவிக்கை மார்புக்குத் தக்க தாங்குதலுடன் அமைவதெப்படி, தைத்தபின் திருத்துவதெப்படி, அதில் நமக்குள்ள பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உரிமையாக வந்த உடை

ரவிக்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூசுவோர் இன்றும் உளர். அவர்கள் பொருட்டு ஒரு வரலாற்றை நினைவூட்டுதல் வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் வெளியான அரச பிரகடனம் அவர்கள் மார்பை மறைத்து ஆடை அணிய இசைந்தது. எனினும் மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடை அதிலும் இருந்தது. அப்போராட்டம் நிகழ்ந்த நாஞ்சில் நாட்டுப் பகுதிகள் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்துடன் இணைந்து இன்று கன்னியாகுமரி மாவட்டமாக விளங்குகின்றன. மேலாடைக்காக அடியும் உதையும் பட்ட பெண்களின் வழிவந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவ்வாறு வந்த உடை உடலுக்குப் பொருந்த அமைய வேண்டும் என்று பேசுவதில் கூச்சத்துக்கு இடமில்லை.

மணப்பெண்ணின் உடைக்கும் நெசவாளரின் வாழ்வுக்கும் உள்ள தொடர்புக்கு மற்றொரு சான்று இங்கிலாந்தில் உண்டு. 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா அரசி மணம் புரிந்தபோது, இலண்டன் நகரின் ஸ்பைட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் நெய்த வெண்பட்டையும், ஹானிட்டன் ஊர்ப் பின்னல் சரிகை வேலைப்பாட்டையும் அணிந்தார். உள்நாட்டுக் கைத்தொழிலாளர்க்கு வேலை கிடைத்தல் வேண்டும் என்பது அத்தெரிவின் நோக்கங்களுள் ஒன்று. மேனாட்டு மணப்பெண்கள் வெள்ளையுடை அணியும் வழக்கம் பரவ அத்திருமணம் பெருங்காரணமாயிற்று. ஒரு மணப்பெண்ணின் உடை பல தறிகளுக்குச் சோறு போட வல்லது.

தாங்குவது தோளா, பட்டியா?

ரவிக்கையைப் பற்றிய முதற் பிழை, மார்பைத் தோள்பட்டை தாங்குகிறது என்ற எண்ணம். தோளை இழுத்துத் தைத்தால் மார்பு உயர்ந்து நிற்கும் என்று கருதித் தையற்காரர் தோள் உயரத்தைக் குறைக்கின்றனர். பயன் யாதெனில், தோளில் தடம் பதிகிறது, கழுத்து வலிக்கிறது, ரவிக்கையின் அடிப்பாகம் மேலே ஏறிக்கொள்கிறது. உண்மையில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே உடலைச் சுற்றி ஓடும் பட்டியே. அப்பட்டி விலா எலும்பின்மேல் இறுக்கமின்றி உறுதியாக அமர்ந்தால் மேற்பாகத்துக்கு வேலை குறைவு. தோள் ரவிக்கையை இடத்தில் நிறுத்தி வைக்குமேயன்றித் தாங்குவதன்று.

உள்ளாடைக்கும் இதுவே விதி. நியூயார்க் நகரில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் பெண்மணி இரு கைக்குட்டைகளையும் நாடாவையும் சேர்த்துத் தைத்த மார்புக் கச்சுக்கு 1914ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன்பின் உள்ளாடைகள் எத்தனையோ வடிவம் பெற்றுவிட்டன. ஆயினும் பட்டி தாங்க வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. பின்பக்கப் பட்டி முதுகில் மேலேறி நின்றால் அது தளர்வு என்று பொருள். அத்தகைய உள்ளாடைமேல் எவ்வளவு திறமையாகத் தைத்த ரவிக்கையும் பொருந்தாது. தேவாலயத் திருமணத்தில் அணியும் தோளில்லாக் கவுன்களைப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும். தோளே இல்லாத உடை எவ்வாறு நிற்கிறது? உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு கெட்டி நாடாவும், பக்கங்களில் வளையாத குச்சிகளும் வைத்துத் தைத்திருப்பர். முழுப் பாரமும் அந்த நாடாவிலும் பட்டியிலுமே அமர்கிறது.

ரவிக்கையின் முதுகை மிக ஆழமாக வெட்டி, மேலே ஒரு கயிற்றால் மட்டும் முடிந்து கொள்வது இக்காலத்து மணப்பெண்களின் விருப்பம். அழகைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் முதுகு ஆழமாகும் அளவுக்கு அடிப்பட்டி அகலமும் உறுதியும் பெற வேண்டும். அடியில் இரண்டரை அல்லது மூன்று அங்குலப் பட்டி இருந்தால் கழுத்துக் கயிறு தோள் நழுவாமல் காப்பதோடு நிற்கும். பட்டி ஒரு அங்குலமாகச் சுருங்கினாலோ கயிறே பாரத்தை இழுக்க வேண்டியதாகும். உள்ளே வைத்துத் தைக்கும் கப்பும் வடிவம் தருமேயன்றித் தாங்காது.

அளவு எடுக்கும் முறை

நம் ஊர்களில் அளவு எடுப்பதற்குப் பதிலாகப் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுவது வழக்கம். பழைய ரவிக்கையில் இருந்த பிழை புதியதற்கும் அப்படியே வந்து சேர்கிறது. அது தைத்த காலத்து உடல் வேறு. இன்றைய உடல் வேறு. மணப்பெண்ணுக்காவது உடலில் நேராக அளவு எடுத்தல் வேண்டும். அதனை ஒரு பெண்ணே தனியிடத்தில் எடுத்தல் முறை. மணநாளில் அணியப்போகும் உள்ளாடையையே அளவு எடுக்கும்போதும், சரி பார்க்கும்போதும் அணிந்திருத்தல் இன்றியமையாதது. உள்ளாடை மாறினால் மார்பின் உயரம் மாறும். டாட்டு முனை இடம் தவறும்.

எடுக்க வேண்டிய அளவுகள் இவை: மார்புக்கு மேலே அக்குளையொட்டிய சுற்று, மார்பின் நிறைந்த இடத்துச் சுற்று, மார்புக்குக் கீழே பட்டி அமரும் சுற்று, தோளிலிருந்து மார்பு முனைவரை உள்ள இறக்கம், இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம், தோளிலிருந்து முனை வழியாகப் பட்டியின் அடிவரை முன்னுயரம், இவற்றுடன் தோள் அகலம், கைக்குழி, கைச்சுற்று, முதுகு உயரம். நாடா தரைக்கு இணையாக ஓட வேண்டும், முதுகில் தாழ்ந்துவிடலாகாது. பட்டிச் சுற்றை இயல்பாக மூச்சு விட்டிருக்கும் நிலையில் எடுத்தல் வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக் கொண்டு கொடுக்கும் அளவு, மணவறையில் மூச்சு முட்டுவதற்கு வழி செய்யும்.

மார்புச் சுற்று ஒன்றை மட்டும் வைத்து "முப்பத்தாறு" என்று எழுதிக் கொள்வது எவ்வாறு பிழையாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இரு பெண்களுக்கும் மார்புச் சுற்று 36 அங்குலம் என்க. ஒருவருக்குக் கீழ்ச்சுற்று 32, மற்றவருக்கு 29. முதல்வருக்கு வேறுபாடு 4 அங்குலம். இரண்டாமவருக்கு 7 அங்குலம். ஒரே வெட்டை இருவருக்கும் போட்டால் முதல்வருக்கு முன்பாகம் தொளதொளக்கும். இரண்டாமவருக்கு மார்பு அழுந்திப் பட்டி தளர்ந்து நிற்கும். இருவரையும் ஒரே எண்ணில் அடக்கியது நாடாவின் குற்றமன்று; ஓரளவோடு நிறுத்திக்கொண்ட கையின் குற்றம்.

பாவும் ஊடையும் உடலின்மேல்

இவ்விடத்தில் நெசவாளர் தையற்காரர்க்கே பாடம் சொல்லலாம். தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டி நிற்பது பாவு. அதனூடே வளைந்து ஓடுவது ஊடை. ஆதலின் நெய்த துணி பாவின் வழியே மிகக் குறைவாக நெகிழும். ஊடையின் வழியே சற்றுக் கூடுதலாக நெகிழும். இரண்டுக்கும் குறுக்கே மூலை வாட்டத்தில் மிகுதியாக நெகிழும். இவ்வியல்பை உணர்ந்து வெட்டினால் துணியே உடலுக்கு உதவி செய்யும்.

தாங்க வேண்டிய பட்டியில் பாவு இழை உடலைச் சுற்றி ஓடுமாறு வெட்டுதல் வேண்டும். மார்பை மூடும் முன்பாகம் வடிவத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டியது. ஆதலின் பருத்தி ரவிக்கைகளில் அதனைக் குறுக்கு வெட்டாக வெட்டுவது நெடுங்கால வழக்கம். பட்டில் புட்டா நெருக்கமாக இருந்தாலும், கட்டம் போட்டிருந்தாலும் குறுக்கு வெட்டு கண்ணுக்குச் சாய்ந்து தோன்றும். சரிகைப் பாரத்தால் நாளடைவில் தொங்கவும் கூடும். அத்தகைய துணிக்கு நேர் வெட்டில் டாட்டுகளோ, தோளிலோ கைக்குழியிலோ தொடங்கி மார்பு முனை வழியே இறங்கும் பிரின்சஸ் வெட்டோ ஏற்றவை. மார்பை மட்டும் தனித்துண்டாக எடுத்துத் தைக்கும் கட்டோரி வெட்டு நிறைந்த மார்புடையோர்க்கு நல்ல வடிவம் தரும்.

உள்துணி இன்றிப் பட்டு ரவிக்கை தைத்தல் ஆகாது. நெருக்கமாக நெய்த பருத்தியே உள்துணிக்குச் சிறந்தது. அது வியர்வையை உறிஞ்சும். பட்டின்மேல் விழும் இழுப்பைத் தான் ஏற்கும். ஆயின் அதனை ஓரிரவு நீரில் ஊற வைத்து உலர்த்தித் தேய்த்த பின்னரே வெட்ட வேண்டும். இல்லையேல் முதல் நனைப்பில் உள்துணி சுருங்கிப் பட்டைச் சுருக்கிவிடும். பருத்தி பயிரிடும் நம் உறுப்பினர் இதனைக் கருதுக: மேலே மின்னுவது மல்பெரித் தோட்டத்திலிருந்து வந்த பட்டு, உள்ளே பாரம் சுமப்பது பருத்திக் காட்டிலிருந்து வந்த நூல்.

பட்டை வெட்டுவதற்கு முன் காடாத் துணியில் ஒரு முன்மாதிரி தைத்து அணிந்து பார்த்தல் மிக நன்று. செலவு சிறிது, பயன் பெரிது. பட்டில் ஊசி இறங்கிய துளை எளிதில் மறையாது. காடாவிலோ எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் இழப்பில்லை.

சுருக்கங்கள் கூறும் செய்தி

அணிந்து பார்க்கும்போது துணியில் விழும் சுருக்கங்களே பிழை இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கும். கொக்கிகளுக்கு இடையே வாய் பிளந்து படுக்கைக் கோடுகள் விழுந்தால் மார்பில் அகலம் போதவில்லை. கைக்குழியிலிருந்து மார்பு முனையை நோக்கிச் சாய்வாகத் துணி தொய்ந்தால் அங்கே டாட்டின் பிடிப்புப் போதவில்லை. ரவிக்கையின் முன் அடிப்பாகம் மேலே ஏறினால் முன்னுயரம் குறைவு. டாட்டின் நுனியில் துணி கூம்பாக எழும்பினால், டாட்டு நீண்டு விட்டது அல்லது இடம் தவறிவிட்டது. டாட்டு நுனி மார்பு முனைக்கு ஒரு அங்குலம் முன்னதாகவே நிற்க வேண்டும். நிறைந்த மார்பாயின் ஒன்றரை அங்குலம் விடலாம். தைத்த டாட்டை மேசைமேல் தட்டையாகத் தேய்க்காமல், உருண்டையான திண்டின்மேல் வைத்துத் தேய்த்தால் வளைவு நிலைக்கும்.

கண்ணாடி முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது. திருமணத்தில் மணப்பெண் சிலைபோல் நிற்பதில்லை. மாலை மாற்றக் கைகளை உயர்த்துகிறாள், பெரியோர் காலைத் தொட்டு வணங்கக் குனிகிறாள், சம்மணமிட்டு ஓமத்தின் முன் நெடுநேரம் அமர்கிறாள், பந்தியில் உண்கிறாள். இச்செயல்கள் அனைத்தையும் சரி பார்க்கும் நாளிலேயே செய்து பார்த்தல் வேண்டும். கையை உயர்த்தியபோது பட்டி இடம் விட்டு எழுந்து மீண்டும் தானே இறங்காவிடில் பொருத்தம் முடியவில்லை. உட்கார்ந்து ஆழ மூச்சிழுத்தபோது விலாவில் குத்தினால் பட்டி இறுக்கம். மணநாளுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாக இச்சோதனை நடந்தால் திருத்த அவகாசம் உண்டு. முன்னாள் மாலை நடந்தால் ஊக்கு ஒன்றே துணை.

திருத்தம் செய்யும் வகை

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே மாதங்கள் கடந்துவிடுகின்றன. உடல் இளைப்பதும் பருப்பதும் இயற்கை. ஆதலின் பக்கத் தையலில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு அங்குலமாவது உள்விடுப்பு வைத்தல் வேண்டும். முன்பாகம், பின்பாகம், இருபக்கம் என நான்கு இடத்தில் ஒவ்வோர் அங்குலம் இருந்தால் முழுதும் பிரித்து விடும்போது சுற்றில் 4 அங்குலம் கிடைக்கும்.

ஆயின் பக்கத்தைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் மருந்தன்று. மார்பு மட்டும் நிறைந்திருக்குமாயின், பிரித்துவிட்ட அகலத்தில் பாதி முதுகுக்குப் போய்விடும், முதுகு தளரும், முன்னே இறுக்கம் முற்றும் தீராது. மார்பு நிறையும்போது அகலத்தோடு உயரமும் வேண்டப்படுகிறது என்பதை மறத்தலாகாது. அப்போது டாட்டைச் சற்றே பிரித்து ஆழம் மாற்றியும், மிஞ்சிய துணியால் அடிப்பட்டியை அகலமாக்கி முன்னுயரம் கூட்டியும் சரி செய்ய வேண்டும். பிரின்சஸ் வெட்டாயின் அத்தையலிலேயே வேண்டிய இடத்தில் மட்டும் விட்டுக் கொடுக்கலாம். அதன் பெருஞ்சிறப்பு அதுவே.

தளர்வைத் திருத்துவதிலும் இதே கவனம் வேண்டும். பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டே போனால் கைக்குழி குறுகிக் கை தூக்க முடியாது. தளர்வு மார்புக்குக் கீழே இருந்தால் அங்குள்ள டாட்டையும் பட்டியையும் பிடிக்க வேண்டும். தோள் நழுவினால் தோள் தையலை உயர்த்தலாம். ஆனால் தோள் உயர்ந்தால் டாட்டு முனையும் உடன் உயர்ந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. கொக்கிகள் கழன்று கொண்டே இருந்தால், கொக்கியைப் பெரிதாக்குவதில் பயனில்லை. மார்பின் நிறைந்த இடத்துக்கு நேராக ஒரு கொக்கி வருமாறு இடைவெளியை மாற்றியமைக்க வேண்டும்.

மணவீட்டில் மணப்பெண் ஒருத்தியே பெண்ணல்லள். கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தமக்கைக்கு நாள் முழுதும் ஒரே அளவு நில்லாது. முன்பக்கம் திறக்கும் கொக்கியும், பக்கத்தில் தாராளமும் வேண்டும். நோயினால் ஒரு பக்க மார்பை அறுவை செய்துகொண்ட அன்னையர் பலர், உடை பொருந்தாது என்று அஞ்சியே திருமணங்களுக்கு வராது ஒதுங்குகின்றனர். உள்துணியில் மெல்லிய பருத்திப் பை ஒன்று தைத்து அதனுள் செயற்கை மார்புத் திண்டை நழுவாமல் வைத்துக்கொள்ளச் செய்தால் அவர்களும் முன்வரிசையில் நிமிர்ந்து அமர்வர். தையற்காரர்க்கு அது அரைமணி வேலை.

இழை விலகுவது யார் குற்றம்?

இனி நம்மேல் வரும் முறையீட்டுக்கு வருவோம். பட்டு இழை வழவழப்பானது. தையலின் இருபுறமும் வலுவாக இழுத்தால் இழை அறாமலே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகித் தையலோரம் வலைபோல் தோன்றும். இறுக்கமான ரவிக்கையில் அக்குள், முதுகு, பக்கத்தையல் ஆகிய இடங்களில் இது நேர்கிறது. அங்கேயே வியர்வையும் சேர்கிறது. ஈரத்தில் பட்டின் வலிமை குறையும்; வியர்வையின் உப்பு நூலை அரிக்கும்; சரிகையும் கருக்கும். இத்தனையும் ஒரே இடத்தில் கூடும்போது நல்ல பட்டும் தோற்கிறது.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. மெல்லிய ஊசி கொண்டு, நெருக்கமான தையலிட வேண்டும். தடித்த ஊசி சரிகையை வெட்டும். உள்விடுப்பைக் கால் அங்குலமாகக் குறைத்து வெட்டலாகாது. இழுப்பு விழும் தையல்களில் உள்துணியையும் பட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அக்குளில் கழற்றித் துவைக்கத்தக்க பருத்திப் பட்டை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுக்கத்தை அழகென்று எண்ணும் பழக்கம் ஒழிய வேண்டும். அதே வேளையில் நம் பக்கத்தையும் பார்த்துக் கொள்வோம். ரவிக்கைத் துண்டு புடவையின் கடைசியில் வருவதென்று அங்கே ஊடையை நெருக்கிப் போடாமல் தளர விடுவோர் உண்டாயின், அவர் இழை விலகலுக்குத் தாமே வழி வகுத்தவராவார். புடவை உடம்பைப் போலவே ரவிக்கைத் துண்டும் அடர்த்தியாக அமைதல் வேண்டும். இன்னும் சொன்னால் அதிகப் பாரம் சுமக்கப் போவது அதுவே.

எண்பது சென்டிமீட்டர் கணக்கு

ரவிக்கைத் துண்டுக்குப் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் விடுகிறோம். அஃதாவது 31½ அங்குலம். புடவை அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். மெலிந்த உடலுக்கு இது போதும். 42 அங்குல மார்புள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையை விரித்து வெட்டும்போது ஒன்றுக்குச் சுமார் 18 அங்குலக் கரை வேண்டும், இரண்டுக்கும் 36. ஒரே பக்கக் கரையில் இரண்டு கைகளையும் எடுக்க 31½ அங்குலம் போதாது. இருபக்கக் கரையும் ஒத்திருந்தால் பக்கத்துக்கு ஒரு கை எடுக்கலாம். அப்போது முழங்கைவரை நீளக் கைக்கு இருபுறமும் 11 அங்குலம் போக நடுவே 26 அங்குல அகலம் மிஞ்சும். அதில் முன்பாகமும் முதுகும் நெருக்கியடித்து அடங்கும், குறுக்கு வெட்டுக்கு இடமில்லை, உள்விடுப்புக்கும் இடமில்லை. ஒரு பக்கம் பெருங்கரையும் மறுபக்கம் சிறுகரையும் உள்ள புடவையாயின் அதுவும் இயலாது. கைகள் இரண்டும் ஒத்திருக்க வேண்டுமே.

தையற்காரர் என் செய்வார்? உள்விடுப்பைக் குறைப்பார், டாட்டைக் குறைப்பார், பட்டியை ஒடுக்குவார். தாங்குதலும் பொருத்தமும் முதலில் பலியாகும் இடம் தறியிலேயே தொடங்குவதை இக்கணக்கு காட்டுகிறது. 20 சென்டிமீட்டர் கூட்டி ஒரு மீட்டராக நெய்தால் 39 அங்குலம் கிடைக்கும். ஒரே கரையில் இரு கையும் அடங்கும். கூடுதல் பட்டுக்கும் சரிகைக்கும் கூலிக்கும் விலை ஏறும் என்பது உண்மையே. ஆதலின் எல்லாப் புடவைக்கும் அதனை விதியாக்க வேண்டுவதில்லை. முகூர்த்தப் புடவைக்கு முன்பதிவு செய்வோரிடம் "ரவிக்கைத் துண்டு எவ்வளவு?" என்று கேட்டு, கூடுதல் நீளத்துக்கு உரிய தொகை பெற்றுக்கொண்டு நெய்து தரலாம். எவரும் இதனை மறுக்கார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மூன்று யோசனைகளை உறுப்பினர் முன் வைக்கிறோம். முதலாவது, மேற்கூறிய ஒரு மீட்டர் ஏற்பாடு. அடுத்த பொதுக்குழுவில் இதனை விவாதித்து முடிவு செய்யலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு முகூர்த்தப் புடவையோடும் ஒரு பக்க அளவில் குறிப்புத் தாள் வைத்தல். உள்துணியை நனைத்து வெட்டுக. மெல்லிய ஊசி கொள்க. ஒரு அங்குல உள்விடுப்பு வைக்க. பத்து நாள் முன்னதாக அணிந்து பார்க்க என்று நான்கு வரி அச்சிட்டால் போதும். அது தையற்காரர் கைக்குப் போய்ச் சேரும். முறையீடு வரும் நாளில் நமக்கும் சான்றாக நிற்கும்.

மூன்றாவது, தையல் கூட்டுறவுடன் கைகோத்தல். தமிழகத்தில் சமூக நலத் துறையின் அரவணைப்பில் இயங்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சிறார்க்குச் சீருடை தைத்து வருகின்றன. சீருடை வேலை ஆண்டு முழுதும் ஒரே சீராக இராது. ஓய்ந்த மாதங்களில் அச்சங்கத்துச் சகோதரிகள் சிலர்க்கு மணப்பெண் ரவிக்கை வெட்டுவதிலும் திருத்துவதிலும் தனிப் பயிற்சி அளித்து, நம் விற்பனைக் கூடங்களிலேயே திரையிட்ட ஓர் அறையில் அளவு எடுக்கச் செய்தால், வாங்குவோர் கூச்சமின்றி வருவர். தையற் சகோதரிகட்கு வருவாய் பெருகும். நம் பட்டும் பழியினின்று தப்பும். நெசவும் தையலும் பயிரும் தனித்தனியே நின்றால் நட்டம் ஒருவர்மேல் ஒருவர் தள்ளப்படும். ஒன்றுகூடி நின்றால் குறை எங்கே என்று கண்டு களையலாம். எல்லாரும் ஒருவருக்காக, ஒருவர் எல்லாருக்காக என்னும் நம் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை.

தை மாதத்து முகூர்த்தங்களுக்கான முன்பதிவு பல திங்கள் முன்னரே தொடங்கிவிடும். அதற்குள் மேற்கண்ட மூன்றனுள் ஒன்றையேனும் தத்தம் சங்கத்தில் தொடங்கி வைக்குமாறும், அதனால் கண்ட பயனை இவ்விதழ்க்கு எழுதியனுப்புமாறும் உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.